அரைமணித் தூரம்

உல்ரிகே அப்பாவின் வலது முஷ்டியை விரல் விரலாகப் பிரிக்கப் பார்த்தாள். உள்ளே கட்டைவிரல் மடங்கிக் கிடந்தது. யாருக்காவது நல்லது நடக்க வேண்டுமென்றால் ஜெர்மனியில், இந்த டார்ம்ஷ்டாட் ஊரில், கட்டைவிரலை இப்படித்தான் உள்ளே வைத்து இறுக்குவார்கள். அப்பா எகோன் தன் உயிருக்காக இறுக்கவில்லை. வால்மீன் ஒன்றில் இறங்கிக்கொண்டிருந்த ஆளில்லா விண்கலத்துக்காக இறுக்கியிருந்தார். சாயங்காலம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கலத்துக்கும் ஏறக்குறைய அதே கெடுதான்.

"விடுக்கா, கை வலிக்கப்போகுது," என்றாள் வீட்டோடு தங்கி அவரைப் பார்த்துக்கொள்ளும் போலந்துக்காரி யாட்விகா.

"எனக்கா, அவருக்கா?"

"அந்தப் பிடிக்கு? உனக்குத்தான்."

உல்ரிகேவுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. போவதற்கு முன் அந்தக் கை ஒருமுறை தன் கையைப் பிடிக்க வேண்டும். நாற்பது வயதில் படுகிற ஆசையா என்றால், நாலு வயதில் பட்டபோது கை வேலையாக இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து கலம் ஓட்டுகிற கை. அவள் கல்யாணத்தன்று கலம் செவ்வாயைக் கடந்தது. செவ்வாய் நிற்காது, மகள் நிற்பாள் என்று கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார் எகோன். கல்யாணப் படத்தில் எல்லோருக்கும் நடுவே அந்தக் கோட்டு கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அத்தை அதனுடன் அரைமணி பேசிக்கொண்டிருந்தாளாம். நல்ல மனுஷர், கொஞ்சம் அழுத்தம் என்று பிறகு சொன்னாளாம்.

எகோனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. உல்ரிகே காதருகே குனிந்தாள்.

"அப்பா, உன் ஆபீஸ்லேருந்து டீட்டர் போன் பண்ணினார். சிக்னல் வந்துடுச்சு. இறங்கிடுச்சாம். இனிமே கையைத் தளர்த்துப்பா."

காலையிலிருந்து மூடியிருந்த கண் திறந்தது. அவளைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது.

"இப்பத்தான்... இறங்கியிருக்கும்," என்றார். "அங்கேருந்து சேதி இங்க வர... இன்னும் அரைமணி ஆகும்."

மூச்சு வாங்கினார். உதடு இன்னும் ஒரு சொல்லுக்காக அசைந்தது. உல்ரிகே காதைக் கொண்டுபோனாள்.

"முட்டாள்."

அத்துடன் போய்ச் சேர்ந்தார். முஷ்டி திறக்கவில்லை.

"கடைசியா என்னக்கா சொன்னாரு?"

"என்னைத்தான் கூப்பிட்டாரு."

உயிர் வெளியே போகட்டும் என்று யாட்விகா ஜன்னலைத் திறந்துவிட்டாள். அதன் வழியாக ஒரு குளவி உள்ளே வந்தது.

அரைமணி கழித்து, யாட்விகா மேஜையில் கேக்கோடு வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டீட்டர். பின்னால் ஒரே கூச்சல், கைதட்டல்.

"உல்லி! இறங்கிடுச்சு! பூ மாதிரி! நாலு காலும் ஊணி நிக்குது! இருக்காரா? காதுல சொல்லும்மா, இதுக்குத்தானே மனுஷன் உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு!"

"சொல்றேன்."

போனை வைத்துவிட்டுக் கட்டிலருகே வந்தாள். அப்பாவின் காது இன்னும் சூடாக இருந்தது.

"ஒண்ணும் வரலைப்பா," என்றாள் நிதானமாக. "மோதி நொறுங்கிப் போச்சாம்."

உல்ரிகே மேஜைக்குப் போய் பிளம் கேக்கில் பெரிய துண்டாக ஒன்றை வெட்டினாள். குளவி அதன் ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதை விரட்டாமல், மறு ஓரத்திலிருந்து தின்னத் தொடங்கினாள்.