லாரி வராத நாள்

நவம்பர் கடைசியில் முதல் மழை பெய்த வாரமே முசம்பா குடியிருப்பில் ஐந்து பேருக்குக் காலரா வந்துவிட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் சிகிச்சைக்கு வெள்ளைக் கூடாரம் போட்டார்கள். சுகாதார ஆட்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டு, எல்லாக் கிணறுகளையும் மண் போட்டு மூடச் சொன்னார்கள். கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே பத்தடிகூட இல்லாத நெருக்கடி எங்களுடையது. அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் அதை வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலை எங்கள் கவுன்சிலர் அஸ்ட்ரிடா கசாண்டா தலையில் விழுந்தது.

நான் கபாசோ, வார்டு கமிட்டிச் செயலாளர். தாமிரச் சுரங்கத்தில் வேலை போன பிறகு அவரோடு அலைவதே என் வேலையாகிவிட்டது. சாவு வீட்டுக்கு வண்டி பிடிப்பது, சாக்கடை அள்ள ஆள் திரட்டுவது, புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவே நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது எல்லாம் பழகிப்போனவை. கிணறு மூடுவது மட்டும் புதிது.

நாற்பத்திரண்டு கிணறுகள். கடைசியாக ஃபெபி அக்காவுடையது. அதுதான் ஆழமானது, பாதித் தெரு அதில்தான் இறைத்தது. மண்வெட்டிகளோடு எங்களைப் பார்த்ததும் அவர் கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"ஓட்டு கேட்டு வந்தப்ப இந்தத் தண்ணியத்தானே ரெண்டு கப் வாங்கிக் குடிச்ச, அஸ்ட்ரிடா? அப்ப இனிச்சுது. இப்ப விஷமாயிடுச்சா?"

"அக்கா, சோதிச்சுப் பாத்துட்டாங்க. கிருமி இருக்குதாம்."

"நீ உன் கண்ணால பாத்தியா?"

"கிருமி என்ன நம்ம கவுன்சிலரா, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணுல படறதுக்கு!" என்று வேலிக்கு அப்பாலிருந்து யாரோ கத்தினார்கள். தெருவே சிரித்தது. அஸ்ட்ரிடாவும் சிரித்துவிட்டார்.

"தினமும் காலைல ஆறு மணிக்குத் தண்ணி லாரி மார்க்கெட் வாசல்ல நிக்கும். இது என் வார்த்தை."

"உன் வார்த்தைய பானைல ஊத்தி அடுப்புல வைக்க முடியுமா?"

அப்போது ஃபெபி அக்காவின் மகன் எவரிஸ்டோ வீட்டுக்குள்ளிருந்து வந்தான். கொத்தனார், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. "விடும்மா. அவங்களுக்கு மட்டும் என்ன ஆசையா?" என்று தாயின் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி முதல் மண்ணை அவனே தள்ளினான். ஃபெபி அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று நாள் லாரி சொன்னபடி வந்தது. நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு மஞ்சள் கேன்கள் மார்க்கெட் வாசலிலிருந்து சர்ச் மூலைவரை வரிசையில் நின்றன. அஸ்ட்ரிடாவின் போன் அடித்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் டிரைவரின் குரல் கேட்டது.

"மேடம், லாரி இன்னிக்கு உங்க பக்கம் வராது. அமைச்சர் வேற வார்டுக்கு வர்றாராம். அந்த வார்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

அவர் போனை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு வரிசையைப் பார்த்தார். பிறகு சத்தமாக, "கொஞ்சம் லேட்டாகும். எல்லாரும் இருங்க," என்றார்.

நான் அவரை ஓரமாக இழுத்தேன். "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"இப்ப உண்மையச் சொன்னா இங்கயே நம்மளக் கிழிச்சுப் போட்டுடுவாங்க, கபாசோ. நான் நகராட்சிக்குப் போறேன். பத்து மணிக்குள்ள ஒரு லாரியோட வந்துடறேன். நீ வரிசையக் கலையாம பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். அதுதான் நான் செய்தது. மேட்டில் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆழ்குழாய் உண்டு. நடந்தால் ஒரு மணி நேரம்; ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஆறு மணிக்கே சொல்லியிருந்தால் பாதிப் பேராவது அங்கே போயிருப்பார்கள். "வந்துடும், வந்துடும்" என்று நானே மூன்று தடவை சொன்னேன்.

நடுப்பகலில் வரிசை தானாகக் கலைந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது; வீட்டில் கைக்குழந்தைகள். எல்லோரும் கேன்களைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடைக்குப் போனார்கள். எங்கள் சாக்கடையெல்லாம் போய்ச் சேரும் ஓடை அது. எவரிஸ்டோவும் தோளில் ஒன்று, கையில் ஒன்றாக இரண்டு கேன்களோடு போனதைப் பார்த்தேன். "மாமா, உங்க லாரி கல்யாணப் பொண்ணு மாதிரி, அலங்காரம் முடிஞ்சுதான் வரும் போல!" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான்.

நகராட்சி வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்து சண்டை போட்ட அஸ்ட்ரிடா, மாலை நான்கு மணிக்கு லாரியின் முன்சீட்டில் வந்து இறங்கினார். மார்க்கெட் வாசலில் நானும் இரண்டு நாய்களும்தான் இருந்தோம்.

இரண்டு நாளில் கூடாரத்தில் பதினொரு பேர். எவரிஸ்டோவைக் காலையில் தள்ளுவண்டியில் வைத்து ஓடினார்கள். பள்ளிக்கூட கேட் தெரியும் தூரத்தில் உயிர் போய்விட்டது.

சாவு என்றால் எங்களுக்குக் கவுன்சிலர் வேண்டும். அவர்தான் சவப்பெட்டிப் பலகைக்கும் பாடகர் குழுவுக்கும் சொல்லி அனுப்பி, பெண்களோடு தரையில் உட்கார்ந்து விடியும்வரை பாடுவார். காலரா சாவில் அதெல்லாம் கிடையாது. பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிய ஆட்கள் வந்து, பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். கயிறு கட்டிய எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். ஃபெபி அக்கா எங்களைப் பார்க்கவில்லை. அவர் மருமகள் பிரிடா மட்டும் கடந்து போகும்போது அஸ்ட்ரிடாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு லாரி ஒரு நாளும் தவறவில்லை. ஐந்தரைக்கே அஸ்ட்ரிடா அதன் பக்கத்தில் நின்றார். ஆனால் நிஷிமாக் களியைத் தட்டில் வைத்துப் பிசைந்துகொண்டே இருப்பார்; வாய்க்குப் போகாது. ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீயும் கேட்டுக்கிட்டுத்தானே நின்ன?" என்றார்.

"ஆமா," என்றேன்.

ஜனவரியில் ஒரு திங்கள்கிழமை அவர் வீட்டு முற்றத்தில் வழக்கமான கூட்டம். சுவர் தகராறு ஒன்று, பள்ளிச் சேர்க்கை ஒன்று, ஆடு காணவில்லை என்று ஒருவர். ஐந்தாவதாக ஃபெபி அக்கா நின்றார். சிகிச்சைக்குப் போகும் வழியில் இறந்தவர்களுக்குக் கவுன்சிலர் கடிதம் இல்லாமல் நகராட்சியில் சாவைப் பதிய மாட்டார்கள்.

"அக்கா, நீங்க முதல்ல வாங்க."

"என் முறை வரட்டும்."

முறை வந்தது. பெஞ்சில் உட்காரவில்லை. அஸ்ட்ரிடா பெயர், வயது, தேதி எல்லாம் எழுதினார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"காலரான்னு எழுதப் போறியா?" என்றார் ஃபெபி அக்கா.

"அதுதானே அக்கா..."

"காலரா எல்லா வருஷமும் வருது. என் புள்ள தண்ணி இல்லாமச் செத்தான். அப்படி எழுது."

ஆடு தொலைத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அஸ்ட்ரிடா பேனாவைக் கீழே வைத்தார்.

"அக்கா, அன்னிக்குக் காலைலயே எனக்குத் தெரியும். லாரி வராதுன்னு போன்ல சொல்லிட்டாங்க. நான்தான் லேட்டாகும்னு சொல்லி உங்களையெல்லாம் நிக்க வச்சேன்."

ஃபெபி அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "அப்ப அதையும் எழுது," என்றார்.

எழுதினார். கிணற்றை மூடியதும், லாரி வராததும், தெரிந்தும் சொல்லாததும் ஒரு பக்கம் முழுக்க வந்தது. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி நீட்டினார். ஃபெபி அக்கா எழுத்துக் கூட்டிக் கடைசிவரை படித்தார். "எவரிஸ்டோவுல ஒரு எழுத்த விட்டுட்ட," என்றார். அஸ்ட்ரிடா திருத்திக் கொடுத்தார்.

கடிதம் நகராட்சியில் மேஜை மேஜையாக ஏறியது. கட்சி மாவட்ட ஆட்கள் காரில் வந்து, திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு வேறு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "நடந்ததத்தான் எழுதியிருக்கேன். கிழிச்சா நடக்கலன்னு ஆயிடுமா?" என்று கேட்டு அஸ்ட்ரிடா அவர்களை அனுப்பிவிட்டார். அடுத்த தேர்தலில் கட்சி வேறொருவரை நிறுத்தியது. அஸ்ட்ரிடா இப்போது மார்க்கெட்டில் காய்ந்த மீன் விற்கிறார். ஃபெபி அக்கா அவரிடம் வாங்குவதில்லை. கடந்து போகும்போது தலையசைக்கிறார், அவ்வளவுதான்.

நான் புதுக் கவுன்சிலருக்கும் செயலாளர். அந்தக் கடிதத்தில் என் பெயர் எங்கும் இல்லை. அஸ்ட்ரிடா எழுதும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.