ஆணியில் தொங்கிய சிவப்புத் துணி

மாப்பிள்ளை எனக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து நானூற்று நாற்பது. தங்கையைக் கட்டிக் கொடுத்த இடம், சத்தம் போட்டுக் கேட்க முடியாது. சிரித்துக்கொண்டே கேட்பேன். அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த மாதம் என்பார். இப்படியே இரண்டு வருஷம் நன்றாகச் சிரித்துவிட்டோம்.

இருவருக்கும் ஒரே கிடங்கில்தான் வேலை. நான் லாரியிலிருந்து டைல்ஸ் பெட்டி இறக்குகிறவன். அவர் பின்னால் இருக்கும் ஏசி அறையில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர். எனக்கு இருபத்தாறு வருஷமாக முதுகுதான் சோறு போடுகிறது. தனக்கு முதுகு என்று ஒன்று இருப்பது அவருக்கு நாற்காலி சொல்லித்தான் தெரியும். நாற்பது வயதுக்கு மேல் என் தங்கை என்னை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். அதோடு விட்டார்களா? எழுதத் தெரிந்துவிட்டது என்று, இறங்கிய பெட்டிகளின் எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரில் தட்டுகிற வேலையையும் என் தலையில் கட்டினார்கள். தட்டுகிற சாக்கில் ‘மாப்பிள்ளை பாக்கி’ என்று தனியாக ஒரு ஃபைல் போட்டு, அவர் வாங்கிய தேதியையும் தொகையையும் அதில் எழுதி வைத்தேன்.

அந்த வாரம் அவர் முகத்தில் ஈயாடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்து என் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். என்ன என்று கேட்டேன். சொன்னார்.

கிடங்கில் சேருகிற எல்லாவற்றுக்கும் தினமும் ஒரு நகல் எடுக்க வேண்டுமாம். சரக்குக் கணக்கு, கடிதங்கள், கேமராப் படம் என்று மூன்று. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை யாரும் எதையும் தொடமாட்டார்கள் என்பதால், மூன்றும் அந்த நேரத்தில் தானாகவே கிளம்பி ஒரே டிஸ்க்கில் போய் விழும். விழுவதற்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு மணிக்கு ஆட்கள் வேலைக்குத் திரும்பும்போது மூன்றும் அரைகுறை. பத்து நாளாக ஒரு நகல்கூட முழுசாக இல்லை. மேனேஜரம்மா கண்டுபிடித்துவிட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், அப்போதும் இப்படியே இருந்தால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாராம்.

ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பச் சொல்வதுதானே என்றேன். அதையும் செய்து பார்த்துவிட்டாராம். ஒரு மணி, ஒன்று இருபது, ஒன்று நாற்பது என்று நேரம் பிரித்துக் கொடுத்தார். லாரி அதிகம் வருகிற நாளில் கேமராப் படம் ஊதிப் பெருத்து, இருபது நிமிஷத்துக்குள் அடங்காமல் அடுத்ததன்மேல் போய் மோதுகிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. லாரிக்கும் வாசலுக்கும் நடுவே எங்களுக்கு ஒரே பலகை. சுமையோடு இரண்டு பேர் ஏறினால் பலகையும் போகும், இடுப்பும் போகும். அதனால் வாசல் ஆணியில் ஒரு சிவப்புத் துணி தொங்கும். அதைத் தோளில் போட்டவன் மட்டும் பலகையில் ஏறுவான். சுமையை இறக்கியதும் துணியைத் திரும்ப மாட்டுவான். துணி இல்லையென்றால் அடுத்தவன் நிற்பான்.

“நீங்க ஏன் மாப்பிள்ளை கடிகாரத்தையே பார்க்கிறீங்க? துணியைப் பாருங்க” என்றேன்.

அவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை சர்வரில் ஒரு குட்டி ஃபைல் முளைத்தது. பெயரே ‘துணி’தான். நகல் எடுக்கிற வேலை எதுவானாலும் முதலில் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், முடித்ததும் திரும்ப வைக்க வேண்டும். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நான்கு நாளும் மூன்று நகலும் முழுசாக விழுந்தன. மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். வியாழன் சாயங்காலம் நல்ல மனநிலையில் இருக்கிறாரே என்று, என் ஃபைலைத் திறந்து அவருக்குக் காட்டினேன். யோசனைக்குக் கூலி வேண்டாம், பழைய பாக்கி போதும் என்றேன். நன்றாக டைப் அடிக்கிறீர்கள் மச்சான் என்று பாராட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பார்த்தால் ஃபைலைக் காணோம். நான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வேறு வினை வந்தது. தரை துடைக்கிற அக்கா கேமராப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் மெஷினைச் செருகினாள். கேமரா வேலை துணியைத் தோளில் போட்டபடியே செத்துப்போனது. மற்ற இரண்டும் மரியாதையாக வரிசையில் நின்றன. இரண்டு மணி வரை நின்றன.

மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார். இது எங்களுக்கும் நடந்ததுதான். ஒருமுறை எங்கள் கட்டையன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டான். லாரிக்காரன் திட்டும் வரை நாங்கள் எல்லோரும் பலகையை வேடிக்கை பார்த்தோம். அன்றிலிருந்து துணி எடுக்கிறவன் ஆணிக்குக் கீழே சாக்பீஸால் தன் பெயரைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். துணி வெகுநேரம் திரும்பவில்லையென்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். பதில் வராவிட்டால் வேறு துணி கிழிப்போம்.

அன்று சாயங்காலமே அதையும் எழுதிச் சேர்த்தார். துணியை எடுக்கிற வேலை அதில் தன் பெயரைப் போடும். காத்திருக்கிற வேலை அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்கும். உயிரில்லையென்றால் புதுத் துணி.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேனேஜரம்மா இறக்குமிடத்துக்கே வந்து, என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வரிசையாகத் தேதிகளைக் காட்டினார். மேனேஜரம்மா தலையாட்டவில்லை. நகல் எடுப்பது ஒன்று, அதிலிருந்து திரும்ப எடுப்பது ஒன்று, இந்த வாரம் அழிந்துபோன எதையாவது கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். அழிந்தவற்றின் பட்டியலைத் தானே திறந்தார்.

பட்டியலில் ஒரே ஒரு வரி. மாப்பிள்ளை பாக்கி. வியாழன் சாயங்காலம் ஆறு பத்து. அழித்தவர் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயர்.

“அது ஒண்ணும் இல்லீங்க மேடம், சும்மா ஒரு குப்பை. வேற ஏதாவது பார்க்கலாமே” என்றார் மாப்பிள்ளை.

“வேற எதுவும் இல்லையே. அதையே எடுங்க.”

வரவில்லை என்று சொன்னால் வேலை போகும். வந்தால் மானம் போகும். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாலு தட்டுத் தட்டினார். வியாழன் மதியத்து நகலிலிருந்து என் ஃபைல் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் வந்து நின்றது. மேனேஜரம்மா தேதி தேதியாக வாய்விட்டுப் படித்தார். கூட்டுத்தொகைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“நகல் நல்லாவே வேலை செய்யுது. வேலையில நீங்களே இருங்க. இவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்திடுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வாசல் தாண்டியபிறகு அவர் சிரித்தது கேட்டது.

மாப்பிள்ளை தெருமுனை ஏடிஎம்முக்குப் போய்விட்டு வந்து, எண்ணி என் கையில் வைத்தார். ஆறாயிரத்து நானூற்று நாற்பது. தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். சரி, இனி அந்த ஃபைலை அழித்துவிடலாம் என்றேன்.

“எதுக்கு மச்சான், அழிச்சாலும்தான் திரும்பி வருதே. அடியில பைசல்னு எழுதுங்க.”

எழுதினேன். மணி பன்னிரண்டு ஐம்பது. அவர் சாப்பிடப் போகவில்லை. என் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மணிக்குச் சரக்குக் கணக்கு துணியை எடுத்தது, பெயர் போட்டது, கிளம்பியது. என் ஃபைலும் அதோடுதான் போகும். ஒன்று பதினேழுக்குத் துணி ஆணிக்குத் திரும்பியது. புது நகலைத் திறந்து, கடைசி வரியில் ‘பைசல்’ இருக்கிறதா என்று மாப்பிள்ளை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அப்புறம்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.