உடனடி வெளியீட்டுக்கு

என் அப்பா குடிநீர் வாரியத்தில் செய்தித் தொடர்பாளர். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அவரிடமிருந்து அறிக்கை வரும். தண்ணீரைவிட அறிக்கை ஒழுங்காக வரும் என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது.

அந்தத் தொழிலில் சொற்களுக்குப் படி உண்டு. சின்னச் சிக்கல் என்றால் 'அறிவிப்பு'. யாராவது கேள்வி கேட்டால் 'விளக்கம்'. கேள்வி நியாயமாக இருந்துவிட்டால் 'மறுப்பு'. குட்டு வெளிப்பட்ட பிறகு 'வருத்தம்'. ஏதோ நடந்துவிட்டது என்பது வருத்தத்துக்குத் தெரியும். யார் செய்தது என்பது மட்டும் தெரியாது. அதற்கும் மேலே 'மன்னிப்பு' என்று ஒரு படி இருக்கிறது. அதில் வாரியத்தில் யாரும் இதுவரை கால் வைத்ததில்லை. எல்லாவற்றுக்கும் கடைசி வரி ஒன்றே: 'பொதுமக்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.' அவர்கள் ஒத்துழைத்தார்களா என்று தெரிவதற்கு முன்பே சொல்லிவிடுகிற நன்றி.

இந்தச் சரக்கு வீட்டுக்கும் வரும். சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருந்தால், "உப்பின் அளவு குறித்துப் புகார்கள் வந்துள்ளன" என்பார் அப்பா. "புகார் குடுத்தவர் தட்டைக் கழுவி வைக்கவும்" என்று அம்மா பதில் அறிக்கை விடுவாள். கல்லூரிப் பத்திரிகையில் நான் எழுதிய நையாண்டிப் பக்கம் இதை வைத்தே பஞ்சமில்லாமல் ஓடியது.

அக்கா விஷயத்தில்தான் சிரிப்பு நின்றது. எஞ்சினியர் வேலையை விட்டுவிட்டு சைக்கிள் பழுது பார்க்கும் கடை திறந்தாள். திறப்பன்று உறவுக் கூட்டத்துக்கு நடுவில் மாமா அப்பாவைச் சீண்டினார்.

"என்ன மச்சான், படிக்க வெச்ச பொண்ணு பஞ்சர் ஒட்டுது?"

அப்பா பழக்கதோஷத்தில் மறுப்பு வெளியிட்டார். "இந்த முடிவுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை."

அக்கா கையில் ஸ்பேனரோடு பின்னாலேயே நின்றிருந்தாள். அன்றே கடைக்கு மேலிருந்த அறைக்குக் குடிபோய்விட்டாள். அம்மாவுக்கும் எனக்கும் அவளிடமிருந்து போன் வரும்; அப்பாவுக்கு வராது. நாங்கள் பேசும்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து செய்தித்தாளை மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார்.

"ஏங்க, மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?" என்றாள் அம்மா.

"வருத்தப்படறேன்னு இவனைச் சொல்லச் சொல்லு."

"நான் என்ன உங்க உதவியாளரா?" என்றேன்.

அந்த வாரம் ஊரின் பெரிய குழாய் உடைந்து, பாதி ஊர் குடத்தோடு தெருவில் நின்றது. அப்பா வழக்கமான வருத்தத்தை எழுதி முடித்தார். கை சூடு ஆறுவதற்குள் அக்காவுக்கும் எழுதினார். காலமெல்லாம் அறிக்கை எழுதிய கைக்கு வேறு தடத்தில் ஓடத் தெரியாது. வாரியத்தின் தாளையே எடுத்தது. பெற்ற மகளை 'நீங்கள்' என்றது. மேல் மூலையில் தன்பாட்டுக்கு 'உடனடி வெளியீட்டுக்கு' என்றும் எழுதிவிட்டது. இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு அப்பா டீ குடிக்கப் போனார்.

அவருடைய உதவியாளருக்கு அலுவலகத்தில் 'நாளைக்கு' என்று பெயர். எந்த வேலையைக் கொடுத்தாலும் அவர் சொல்லும் பதில் அது. அன்று மட்டும், யார் செய்த புண்ணியமோ, இன்றைக்கே செய்தார். மேலே இருந்த தாளை எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார்.

காலையில் முதல் பக்கம்: குடிநீர் வாரியம் மன்னிப்புக் கேட்டது.

'தவறு என்னுடையது. கூட நிற்க வேண்டிய நேரத்தில் எனக்குத் தொடர்பில்லை என்று சொன்னேன். அது பொய். கௌரவம் பார்த்து இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்வது நல்ல வேலை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.'

அப்பாவின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது. "என் வேலை போச்சு" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, வாரியத் தலைவரிடமிருந்து போன்.

"சார்... நான்தான் சார்... ஐயையோ, வேணும்னு இல்ல சார்... அப்படிங்களா சார்?"

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"ஜனங்க விடாம போன் பண்ணி நன்றி சொல்றாங்களாம். எந்தக் கோப்புல வைக்கறதுன்னு அங்க யாருக்கும் தெரியலையாம். தலைவர், தான் சொல்லித்தான் நான் எழுதினேன்னு பேட்டியே குடுத்துட்டாராம்."

"ஒரு விளக்கம் வெளியிட்டுடலாமாப்பா?" என்றேன்.

"வாயை மூடுறா."

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. அக்கா கிரீஸ் கையோடு செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்கு முதல் சந்தேகம் என்மேல்தான்.

"டேய், இது உன் கைவரிசையா?"

"நானா இருந்தா உன்னைச் சாப்பிடச் சொல்லுவேனா? எனக்கு மிச்சம் வைன்னுல்ல எழுதியிருப்பேன்!"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"இது பத்திரிகைக்குப் போயிருக்கக் கூடாதும்மா. உனக்கு மட்டும்தான் எழுதினேன்."

"அன்னிக்கு எனக்கு மட்டுமாப்பா சொன்னீங்க? அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. இது ஊருக்கே போனதுதான் சரி." செய்தித்தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "மறுப்பு எதுவும் வருமா?"

"வராது."

"அப்ப சரி. அம்மா, தட்டு வை. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி வாரியத்தோட உத்தரவு."

அப்பா அவளுக்குத் தண்ணீர் ஊற்றினார். பாதி மேஜையில் போனது. "நன்றிம்மா" என்றார். முன்னால் 'ஒத்துழைப்புக்கு' என்ற சொல் இல்லை. இந்தத் தடவை ஒத்துழைப்பு ஏற்கெனவே வந்து எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

குழாய்க்காக எழுதிய அந்த வருத்தம் இன்னும் அப்பாவின் மேஜையில்தான் கிடக்கிறது. குழாயைச் சரி செய்துவிட்டார்கள். வருத்தத்தை யாரும் தேடவில்லை.

அப்பா கொடுத்தனுப்பிய பிஸ்கட் பெட்டியோடு நான் வாரியத்துக்குப் போனேன். உதவியாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்கு தம்பி இதெல்லாம்?"

"எங்க குடும்பம் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு சார். பிரிச்சுச் சாப்பிடுங்க."

அவருக்குக் கண் லேசாகக் கலங்கியது. பெட்டியை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"நாளைக்கு" என்றார்.