ஆறாவது வளையம்

ஒயரைச் சுற்றி மாட்டினால் அதில் ஓடும் கரண்டை அளக்கும் வளையம் ஆறு, உள்ளங்கை அகல சர்க்யூட் போர்டு ஒன்று, பழைய போன் சார்ஜர் ஒன்று. எங்கள் கட்டடத்து நிம்மதிக்கு அண்ணி போட்ட விலைப்பட்டியல் இவ்வளவுதான். அண்ணன் அதிலும் பேரம் பேசினார்.

“லைன் அஞ்சுதானே? ஆறாவது வளையம் யாருக்கு?”

“மெயினுக்குங்க. அஞ்சையும் கூட்டினா அதுல காட்டுறது வரணும். வரலன்னா தப்பு என் கணக்குலன்னு தெரிஞ்சிடும்.”

தன் தப்பைப் பிடிக்கத் தானே காவல் போடும் ஆளை நான் கடைத்தெருவில் கண்டதில்லை.

கீழே என் கடை, நடுவில் எங்கள் வீடு, மேலே தையல்கார அக்காவின் அறை. எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர். மூன்று மாதமாகக் கரண்டு பில் ஏறியதும், அக்காவின் இஸ்திரிப்பெட்டிதான் காரணம் என்று அண்ணன் தீர்ப்பு எழுதிவிட்டார். மாதக் கடைசியில் அக்கா அறையைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் அளந்து காட்டுவதாக அண்ணி ஏற்றுக்கொண்டார். காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்விட்ச் போர்டை வரைந்து, எந்த ஒயரில் எந்த வளையம் என்று எண் போட்டார்.

மெயினை அணைத்துவிட்டு வளையங்களை மாட்டியது நான். கரண்டு வந்தது. மேலே இஸ்திரிப்பெட்டி கொதிக்கிறது. சர்க்யூட் போர்டு போனுக்கு அனுப்பும் கணக்கில் தையல் அறைக்குப் பூஜ்யம்.

“பாத்தியா, மீட்டருக்கே தண்ணி காட்டுறாங்க” என்றார் அண்ணன்.

அண்ணி போர்டை எட்டிப் பார்த்தார். “தம்பி, வாங்குன விலைக்கே வித்தா என்ன லாபம்?”

“பூஜ்யம், அண்ணி.”

“ரெண்டு ஒயரையும் சேத்து வளையத்துக்குள்ள விட்டிருக்கீங்க. போற கரண்டும் திரும்புற கரண்டும் ஒண்ணையொண்ணு கழிச்சிடுது. ஒரு ஒயரை வெளிய எடுங்க.”

பிறந்ததிலிருந்து வியாபாரம் செய்கிற எனக்கு, வியாபாரத்தை வைத்தே மின்சாரம் சொல்லிக்கொடுத்தார். மறுபடி அணைத்து, ஒயரைப் பிரித்தேன். எண் எழுந்தது.

ஒரு வாரம் கழித்து அண்ணி தாளை நீட்டினார். அண்ணன் படித்துவிட்டு, “மோட்டாரா? மூணு மாசம் முன்னாடி நானே பாதி விலைக்குப் பேசி முடிச்சதாச்சே” என்றார்.

“அதாங்க, பழைய மோட்டார். ஒரு மணி நேரத்துல ரொம்புற தொட்டிக்கு ஆறு மணி நேரம் ஓடுது.”

தாளில் இருந்தது இது, ஒரு நாள் சராசரி:

கடை 5 யூனிட். வீடு 9. தையல் அறை 3. படிக்கட்டு விளக்கு 1. தண்ணீர் மோட்டார் 9. ஆக 27.

ஆறாவது வளையம், மெயின்: 27.

பாக்கி: அண்ணன் மாடியேறிப் போய்ச் சொல்லவேண்டிய ஒரு வார்த்தை.