அவனை மட்டும் கண்டுகொள்ளாத பெல்ட்

கண் தெரியாதவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பதற்காகச் செய்த பெல்ட் அது. இடப்பக்கம் நாற்காலி இருந்தால் இடப்பக்கம் மெல்ல அதிரும். கிட்டே போகப் போக அதிர்வு கூடும். சோதனைக்காகக் கண் தெரியாத வக்கீல் ஒருத்தி அதைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து தூண், குப்பைத்தொட்டி, எவனோ குறுக்கே போட்டுவிட்டுப் போன சைக்கிள் என்று எதிலும் இடித்துக்கொண்டது கிடையாது. இடித்ததெல்லாம் ஒரே ஓர் ஆள் மேல்தான். பெல்ட்டைச் செய்த இன்ஜினியர் மேல்!

சொன்னால் நம்ப மாட்டீர்கள், லிஃப்ட் வாசலில் இடித்தாள், படிக்கட்டில் இடித்தாள், தன் அலுவலகக் கதவைத் திறந்த கையோடும் இடித்தாள். பூனை நடை அவனுக்கு, வருவதே கேட்காது. "உங்க மெஷினுக்கு உங்களைக் கண்டாலே ஆகாதா?" என்று கேட்டால், "சரி பண்ணிடறேங்க" என்பான். அதற்கு மேல் வாயைத் திறந்தால்தானே! சரியான கல்லுளிமங்கன்.

"அவன் வேணும்னே வந்து நிக்கறான்டி," என்றாள் வக்கீலின் அக்கா.

"போக்கா நீ வேற," என்றாள் வக்கீல். முகம் சுட்டது. அக்கா சொன்னது நிஜமாக இருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவனைப் பிடித்துப்போய் எத்தனையோ நாளாகிவிட்டது. ஆனால் இன்றோடு சோதனை முடிகிறது. இன்றைக்கும் அவன் வாயைத் திறக்காவிட்டால், நாளைக்கு அவன் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. கோர்ட்டில் சாட்சிகளை உதறலெடுக்க வைக்கிறவளுக்கு 'என்னைப் பிடிச்சிருக்கா?' என்று அவனிடம் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

பெல்ட்டை வாங்கலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வந்திருந்தது. கூடம் முழுக்க நாற்காலி, வாளி, ஏணி என்று இறைத்து வைத்திருந்தார்கள். வக்கீல் ஒன்றைக்கூடத் தொடாமல் வளைந்து வளைந்து நடந்து வெளியே வந்தாள். ஒரே கைதட்டல். இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. கையில் டீயோடு அவளை நோக்கி ஓடிவந்தான்.

டமால்!

நல்லவேளை, ஆறின டீ. அத்தனையும் அவன் சட்டையில்.

"எதிர்ல வந்த ஆளையே காட்டலையே? இதை நம்பி யாரை ரோட்டுல அனுப்பறது?" என்றார் குழுத் தலைவி.

"என் தப்புதாங்க மேடம்," என்றான் அவன். அவ்வளவுதான்.

அடப்பாவி, இப்பவுமா! வக்கீலுக்கு வந்ததே கோபம். "மேடம், இவரை நான் விசாரிக்கலாமா?" என்றாள். தலைவி சிரித்தபடி சம்மதித்தார்.

"பெல்ட்டுல கோளாறா?"

"இல்லங்க."

"பின்னே ஏன் உங்களை மட்டும் காட்ட மாட்டேங்குது?"

"என் பையில நாணயம் மாதிரி ஒரு பில்லை இருக்கு. அது இருந்தா பெல்ட் என்னைக் கணக்குல எடுத்துக்காது."

"அது எதுக்கு?"

"நான் உங்க பக்கத்துலயே நடந்தேன். பெல்ட் ஓயாம அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. மத்த எதையும் காட்ட முடியல."

"மத்தவங்க கட்டி நடந்தப்பவும் பில்லை வச்சிருந்தீங்களா?"

"இல்ல... அவங்களை விட்டுத் தள்ளித்தான் நடப்பேன்."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சந்தேகமே இல்லை, அக்காதான்.

"என்னை விட்டு மட்டும் ஏன் தள்ளி நடக்கல?"

கேட்டுவிட்டாளே தவிர, தன் நெஞ்சு இடிப்பது மொத்தக் கூடத்துக்கும் கேட்டுவிடுமோ என்று பயந்தாள்.

"மனசு வரல," என்றான். "உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு. சொல்லத்தான் தைரியம் இல்ல."

அம்மாடி! கூடம் முழுக்க விசிலும் கைதட்டலுமாகக் கிடந்தது.

"பில்லையை எடுத்து மேடம் கையில குடுங்க," என்றாள் வக்கீல் கடைசியில்.

கொடுத்தான். "அப்போ இப்ப நான் அதுக்குத் தெரிய மாட்டேனா?" என்று கேட்ட தலைவி, சட்டென்று சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்.

வக்கீல் ஓரடி வைத்தாள். பெல்ட்டின் முன்பக்கம் மெல்ல அதிர்ந்தது. இன்னோர் அடி. அதிர்வு கூடியது. இடுப்பே குலுங்கியது.

"பாத்துக்கிட்டீங்களா மேடம்? இவரையும் காட்டுது," என்றாள்.

"நில்லுடி, அதான் காட்டுதே!" என்று அக்கா கத்தினாள்.

வக்கீல் நிற்கவில்லை. தெரிந்தே போய் இடித்தாள்.