ஆமையை யாரும் பார்க்கவில்லை

மாமல்லபுரத்துத் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவள் ரேணுகா. கட்டளைப்படி கம்ப்யூட்டர் திரையில் நகரும் ஆமைப் படத்துக்குக் கட்டளை கொடுக்குமுன், பிள்ளைகளைத் தரையில் பழக்கினாள். ஒரு பிள்ளை ஆமை. மற்றவர்கள் அது நிற்கும் இடத்தைப் பார்த்து, யோசித்து, வழி சொல்ல வேண்டும். "ஆமையப் பாத்துச் சொல்லுங்க!" என்று வருஷம் முழுக்கத் தொண்டை வறளக் கத்தியிருந்தாள்.

ஆண்டு விழாவில் ரோகிணிதான் ஆமை. பெற்றோர்களில் ஒருவர், கல்பாக்கத்து இன்ஜினியர், "அந்த ஓரத்துலேர்ந்து ஆரம்பிங்களேன்" என்றார். நடுவில் நின்ற ரோகிணியை ரேணுகா பெருமையோடு சுவரோரம் நிறுத்தினாள்.

"முன்னே மூணு! வலப்பக்கம் திரும்பு!" பிள்ளைகள் வாய்ப்பாடு போல ராகம் இழுத்தார்கள். ரோகிணி சுவரில் முட்டிக்கொண்டாள். ராகம் நிற்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் கண்ணை மூடியிருந்தார்கள்.

தினமும் ரேணுகாவோடு சோற்றைப் பகிர்ந்து சாப்பிடும் டீச்சர் பிரதீபா கிசுகிசுத்தாள்: "பாத்தா புள்ளைங்க கொயம்பிடுங்கன்னு, நடுவுலேர்ந்து போற வழிய நான்தான் மனப்பாடம் பண்ண வச்சேன். உன் மானம் போவக்கூடாதுல்ல?"

"அடிப்பாவி! என் முதுகுக்குப் பின்னாலயா?"

அரங்கம் கைதட்டியது. இன்ஜினியரும்தான். ரோகிணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

"சொன்னமாரியே நடந்தேன் மிஸ். யாருமே என்னப் பாக்கல."