விசாரணைக்கு வந்த இருக்கை

ராபின் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் இடுப்பில் லுங்கியுமாக மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கேமராவில் மேசைக்குக் கீழே எதுவும் தெரியாது என்று வக்கீல் கல்பனா சொல்லியிருந்தார். மேசைமேல் அவன் செய்த இருக்கை இருந்தது. காரின் பின்சீட்டில் குழந்தையை உட்காரவைத்து பெல்ட் போடுவதற்கானது. குழந்தை வளர வளரத் தலைப்பகுதியையும் தோள் பெல்ட்டையும் ஒரே லீவரால் உயர்த்திக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் அச்சுகள் வடிவமைக்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. இந்த இருக்கையை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தமாகச் செய்து, காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தான். இதே மாதிரி ஒன்று வெளிநாட்டில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டுக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து அறிக்கை வந்திருந்தது. அதற்குத்தான் இன்றைய விசாரணை. இதில் நிராகரித்துவிட்டால் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் வீண்.

அவன் மனைவி பிரின்சி லீவு போட்டிருந்தாள். ஐந்து வயது பென்னியைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மேல்வீட்டில் சொல்லி மிக்ஸியை நிறுத்தியாயிற்று. ரயிலை யாரிடம் சொல்லி நிறுத்துவது? ஆந்திரா பக்கம் போகிற சரக்கு ரயில் ஒன்று தடதடவென்று போய் முடிகிறவரை ராபின் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, தண்ணி வேணுமா?"

"வேணாம். நீ கதவ சாத்திக்கினு உள்ள இரு, போதும்."

அவள் படுக்கையறைக்குள் போய்ப் பென்னியிடம் கலர் பென்சில்களைக் கொடுத்தாள். கதவு சரியாகச் சாத்தாது. மழைக்காலத்தில் உப்பி, ஒரு விரற்கடை திறந்தே நிற்கும். அந்த இருக்கையைப் பற்றிய எந்தப் பேச்சையும் அவள் நின்று கேட்டதில்லை. ராபின் அதை அறுத்து ஒட்டிக்கொண்டிருந்த ஞாயிறுகளில் அவள் மாடியில் துணி காயப்போடுவாள், இல்லையென்றால் கடைக்குக் கிளம்பிவிடுவாள்.

பென்னிக்கு இரண்டு வயதாக இருந்தபோது, பக்கத்திலிருக்கிற ஆரணியில் அவள் அம்மா வீட்டிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். யாரோ கொடுத்த பழைய குழந்தை இருக்கையில் அவனை உட்காரவைத்திருந்தார்கள். புதுவாயலைத் தாண்டியதும் ஒரு கரகரப்பு கேட்டது. பிரின்சி திரும்பிப் பார்த்தபோது பென்னி கீழே சரிந்திருந்தான். பெல்ட் கழுத்தில் இருந்தது. முகம் கருஞ்சிவப்பாகிக்கொண்டிருந்தது. அவள் கத்தினாள். ராபின் வண்டியை ஓரங்கட்டி, பின்கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கினான். பிள்ளை இருமி, பிறகு அழுதான். அந்த அழுகையை அவள் எத்தனையோ தடவை நினைத்துக் கர்த்தருக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கழுத்துச் சிராய்ப்புக்கு மருந்து தடவிய நர்ஸ், "பெல்ட்ட சரியா மாட்டலயாம்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அன்று பிரின்சி ஆரணியிலிருந்து கிளம்பும்போது ஒரு கையில் போன் இருந்தது. அண்ணியிடம் பேசிக்கொண்டே பெல்ட்டை மாட்டினாள். பக்கிள் பூட்டிக்கொள்கிற 'டக்' சத்தம் கேட்டதா? எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் அண்ணியின் குரல்தான் வந்தது. அதற்குப் பிறகு காரில் அவள் எப்போதும் பின்சீட்டில்தான், பிள்ளையை ஒரு கையால் பிடித்தபடி. முடிந்தவரை பஸ்ஸிலேயே போனாள். ஏன் என்று ராபினும் கேட்கவில்லை.

வெளியே விசாரணை தொடங்கிவிட்டது. கல்பனாவின் ஆங்கிலம் சீராகக் கேட்டது. பிறகு ஓர் அம்மாவின் நிதானமான குரல். அதிகாரியாக இருக்க வேண்டும். பக்கிள் மூடியிருக்கும்போது லீவர் அசையாதபடி இரண்டையும் இணைத்ததுதான் புதுசு என்கிறீர்கள், அது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே என்று அவர் கேட்டார். ராபின் ஆங்கிலத்தில் தொடங்கித் தடுமாறினான்.

"தமிழ்லயே சொல்லுங்க, பரவால்ல."

"மேடம், பழசுல லீவர் பக்கவாட்டுல இருக்குது. பெரியவங்க மட்டுந்தான் அதத் தொடுவாங்கன்னு நெனச்சி செஞ்சிருக்காங்க. ஒக்காந்துகினு இருக்கற கொழந்தையே இழுக்கும்னு அதுல எங்கயும் யோசிக்கல. பக்கிள் பூட்டி இருந்தாலும் லீவர் நவுரும். தோள் பெல்ட் எறங்கி லூசாயிடும், கொழந்த சரிஞ்சிடும்."

"இது நீங்க யோசிச்சதா, நடந்து பாத்ததா?"

பிரின்சி கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"நடந்துது மேடம். எம் பையனுக்கே. என் ஒய்ஃபு கரெக்டாதான் பெல்ட் போட்டிருந்தாங்க. நான்தான் தொறந்தேன். புள்ள பாரத்துல பக்கிள் இறுகிப் போயி, ரெண்டு தடவ அழுத்துனப்புறம்தான் உட்டுச்சு. அவங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிருந்தாங்க. அப்படியும் ஆயிடுச்சு. அதனாலதான் இந்த ரெண்டையும் சேத்தேன்."

அதிகாரி வேறு ஏதோ கேட்டார். வரைபடத்தில் ஓர் எண்ணைப் பற்றி. பிரின்சிக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்தாள். பென்னி தன் காகிதத்தை நீட்டினான். ஊதா நிறத்தில் ஒரு மாடு. "சூப்பருடா," என்றாள்.

விசாரணை முடிந்து ராபின் கதவைத் தள்ளினான். முகமெல்லாம் வியர்வை. "எழுத்துல இன்னொரு தடவ குடுக்கச் சொல்லிருக்காங்க. நல்லா போச்சுன்னு கல்பனா மேடம் சொல்றாங்க. ஆனா ஆர்டர் வந்தாதான் தெரியும்."

அவள் கேட்டது வேறு. "பூட்டி இருந்துச்சா?"

"எது?"

"அன்னிக்கி. பக்கிளு."

"பூட்டித்தான் இருந்துச்சு. நீதான போட்ட?"

"எங்கிட்ட சொல்லவே இல்லயே."

"அந்தப் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடற. பேஜாரு பண்ண வேணாம்னு உட்டுட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான். "நீ இன்னா நெனச்சிக்கினு இருந்த?"

அவனுக்குப் புரிய ஆரம்பித்தது தெரிந்தது. "இத்தினி வருஷமாவா, பிரின்சி?" என்று பக்கத்தில் உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டைத் தோளில் அவள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பென்னி குனிந்து குனிந்து பார்த்தான்.

சாயங்காலம் ஆரணிக்குப் போகலாம் என்று அவளேதான் சொன்னாள். ராபின் மேசையிலிருந்த இருக்கையைக் காரில் பொருத்தினான். பென்னிக்கு அவள் பெல்ட்டை மாட்டினாள், சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். ராபின் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தான்.

நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரைந்துகொண்டு போயின. கவரப்பேட்டை தாண்டுவதற்குள் பின்னால் பேச்சு நின்றுவிட்டது, தூங்கியிருப்பான். அவள் திரும்பவில்லை. பாலத்தின்மேல் வந்தபோது ஆற்றில் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிரின்சி கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டினாள். காற்று அவள் உள்ளங்கையை மேலே தூக்கித் தூக்கி விட்டது.